இலை வராத வெள்ளம்

அலமாரியின் அடித்தட்டில் கிடந்த நடைக் காலணிகளை இன்று வெளியே எடுத்தேன். பினாங்கின் ஈரம் எதையும் சும்மா விடாது. தோலெல்லாம் பூஞ்சை. ஒன்றைத் தட்டியபோது அடிப்பள்ளங்களிலிருந்து சிவப்பு மண் உதிர்ந்தது. தரையை ஈரத்துணியால் துடைத்தேன். மணம் எழுந்தது. சூடான ஓட்டின் மேல் தண்ணீர் தெளித்தது போல.

அதன் பிறகு உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். வெளியே மழை. இந்த மாதம் முழுக்கவே மழைதான்.

மேலாளர் நாளை காலைக்குள் பதில் கேட்டிருக்கிறார். மறுபடியும் அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போக வேண்டுமாம். அதே கிளைத் தொழிற்சாலை, அதே பயிற்சிக்கூடம். அங்கேயும் இந்த ஆண்டு வழக்கத்தை மீறி மழை பெய்கிறதாம். அம்மா கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தப் பாலைவனத்துல இன்னும் என்னத்த விட்டுட்டு வந்திருக்க?" என்றார். உன்னிடம் கேட்கலாம் என்றால் நீ இல்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

நாம் மலை ஏறத் தொடங்கியது எந்த லட்சியத்தாலும் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. வெயில் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகும் வேலை. நான் செபராங் ஜெயாவிலிருந்து பாலம் கடந்து வருபவள். நீ ஜார்ஜ் டவுன்காரி. கீழே நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் சாப்பாட்டுக் கடை, மேலே உங்கள் வீடு. "என் முடியில எப்பவும் மீன் கறி வாசம்லா. காட்டுல புலி வந்தா என்னைத்தான் முதல்ல திங்கும், நீ தப்பிச்சிரலாம்" என்பாய். இந்தத் தீவில் ஏது புலி என்று நான் கேட்டேன். அந்தத் தைரியத்தில்தான் சொல்வதாகச் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்மலைக் கோயில் படிகளைத் தாண்டி, தாவரவியல் தோட்டத்துக்குப் பின்னால் போகும் பாதையில் ஏறுவோம். காட்டுக்குள் நமக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. உன் வீட்டிலும் சொல்லி வளர்த்திருந்தார்கள், என் வீட்டிலும். பேரைக் கேட்டு வைத்துக்கொண்டு வேறு ஏதோ கூப்பிடுமாம், நாம் அதன் பின்னாலேயே போய்விடுவோமாம். நாம் இருவரும் அதை நம்பவில்லை. இருவரும் மீறவும் இல்லை. நீ "ஓய்" என்பாய். நான் "ஓய்" என்பேன். போதும்.

இன்னொன்று, இலை. ஆற்றோரம் நடக்கும்போது ஒரு கண் தண்ணீரில் இருக்க வேண்டும். மேலே எங்கோ மழை கொட்டினால் முதலில் இலையும் சருகும் கூட்டமாக மிதந்து வரும். தண்ணீர் தே தாரிக் நிறமாகும், நுரைக்க ஆற்றிய பால் தேநீர் போல. அதன் பின்னால்தான் 'கெப்பாலா ஆயர்'. தண்ணீரின் தலை. ஒரே பாய்ச்சல், எதையும் விட்டு வைக்காது. இலை வந்தால் கரையேறு. இங்கே மலை ஏறும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்த இரண்டு சட்டங்களையும் எடுத்துக்கொண்டுதான் பாலைவனத்துக்குப் போனோம்.

பயிற்சிக்கு நம் இருவரையும் அனுப்பினார்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் நீ ஏமாந்துபோனாய். பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்திருந்தாய். அங்கே பச்சை. கள்ளிச்செடிகள் தண்ணீர் குடித்து மடிப்பு விரிந்து நின்றன. பெயர் தெரியாத மஞ்சள் பூக்கள் சாலையோரம் வரை வந்துவிட்டன. வாடகைக்கார் கொடுத்தவர் இப்படி ஒரு மழையைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். விடுதிக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் தவளைகள் கத்தின. கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "இவ்ளோ தூரம் வந்து நம்ம வீட்டுச் சத்தமா?"

மழை நமக்கு அந்நியமில்லை. அதுதான் தவறு. மழையைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தோம்.

விடுமுறை நாட்களில் மலையிடுக்குகளுக்குள் நடந்தோம். தண்ணீர் பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய வழிகள். இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், நிமிர்ந்தால் ஒரு கீற்று வானம். சில இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். வழக்கமான ஆண்டில் காய்ந்து கிடக்குமாம். அந்த ஆண்டு தரையில் மெல்லிய நீரோட்டம், குட்டைகள், முழங்கால் வரை சேறு. குட்டைகளில் குழந்தையின் நகம் அளவு ஏதோ உயிர்கள் நீந்தின. நீ ஒவ்வொரு குட்டையிலும் குந்தி உட்கார்ந்துவிடுவாய். நான் அடுத்த வளைவுக்குப் போயிருப்பேன். எனக்கு எப்போதும் அடுத்த வளைவு. நீ அதைக் கிண்டல் செய்வாய், கடைசி வளைவுக்கு அப்பால் என் மாமியார் வீடு இருக்கிறதா என்று.

அன்று நுழைவாயிலில் இருந்த பூங்காக் காவலர் தூரத்தில் தெரிந்த மேட்டின் பக்கம் கை காட்டினார். அங்கே மேகம் திரண்டால் உள்ளே போகாதீர்கள் என்றார். அப்போது மேடு தெளிவாக இருந்தது. நுழைந்தோம். உள்ளே போன பிறகு மேடு எங்கே தெரியும்? தலைக்கு மேல் இருக்கும் கீற்றுதான் வானம். அது நீலமாக இருந்தது.

மதியம் தாண்டி நான் உன்னைவிட ஒரு வளைவு முன்னால் இருந்தேன். "ஓய்" கேட்டது. நானும் பதிலுக்கு "ஓய்" என்றேன். சத்தம் சுவர்களில் மோதி எட்டுத் திசையிலிருந்தும் வந்தது. சாப்பிடக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். மறுபடியும் "ஓய்." இப்போது குரல் கூர்மையாக இருந்தது. நான் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். பழக்கம். ஓடையில் ஒரு சருகு இல்லை. தண்ணீர் முதலிலிருந்தே பழுப்புதான், அதில் நிறம் பார்க்க ஒன்றுமில்லை. இலை வரவில்லை, நீ வா என்று கத்தினேன்.

இலை எப்படி வரும்? மேலே இருப்பது வெறும் பாறை. உதிர்க்க மரம் வேண்டாமா? அது எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஆற்றின் அடையாளத்தை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய், அது வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நீ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய். சும்மா பேரில்லை. அப்பாவின் பேரோடு, அடையாள அட்டையில் இரண்டு பேருக்கும் நடுவில் 'மகள்' என்பதற்காகப் போடும் அந்த 'ஏ பி'யையும் விடாமல், பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போல முழுசாக. காட்டில் அதுவரை ஒருமுறைகூட என் பேரைச் சொல்லாதவள். எதற்கு என்று கேட்கவில்லை. திரும்பி ஓடினேன்.

நீ சுவரின் பாதியில், ஒரு பாறை மேட்டில் வயிறு படியப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாய். "ஏறுடி." அவ்வளவுதான் சொன்னாய். ஏறினேன். முட்டி கிழிந்தது. முதலில் காற்று வந்தது, குளிர்ந்த காற்று. பிறகு கல் ஏற்றிய லாரி பள்ளத்தில் இறங்குவது போல ஒரு சத்தம். பிறகு அது. அதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. சேறும் நுரையும் கல்லும் சேர்ந்து எழுந்து நடந்து வந்த ஒன்று. நான் நின்ற வளைவைக் கடந்து, எங்கோ தூரத்தில் வேரோடு பிடுங்கிய ஒரு மரத்தைச் சுழற்றிக்கொண்டு, நம் காலுக்குக் கீழே போயிற்று.

"வந்துருச்சுல்ல உன் இலை" என்றாய்.

நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. நீ சிரிக்கவில்லை.

தண்ணீர் வடியும் வரை அங்கேயே இருந்தோம். எதிர்ச்சுவரில் வெயில் ஏறி ஏறி மறைந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மண் வாசம் என்றாய். இங்கே மண் வாசம் வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம். அங்கே, தலைக்கு மேல் நீலம் இருக்கும்போது காற்று ஏன் நனைந்த மண் மணக்க வேண்டும் என்று நீ மட்டும் கேட்டிருக்கிறாய். பிறகு, நாம் செத்திருந்தால் உன் அத்தா கடையை மூடிவிட்டு அரிசோனாவுக்கு வந்திருப்பாரா என்று யோசித்தாய். "நான் பொறந்த அன்னிக்கே மூடாத மனுஷன்லா." உன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பயந்துவிட்டதாகச் சொன்னாய். நான் பயப்படவில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நீ என்னைப் பார்த்தாய். "அதான் பிரச்சினை. உனக்குப் பயப்படவே தெரியல. இலை வந்தாத்தான் பயப்படுவியா?"

ஊர் திரும்பிய பிறகும் நடந்தோம். அதே பாதை, அதே 'ஓய்'. பின்னர் சில ஞாயிறுகளில் நீ பாதி வழியில் உட்கார்ந்தாய். களைப்பு என்றாய். வேலை அதிகம், எல்லோருக்கும் களைப்புதான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எந்தச் சருகும் மிதந்து வரவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்த மருத்துவர் எதையோ சொல்லும்போதே வெள்ளம் நெஞ்சு வரை வந்துவிட்டது.

வார்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னல் விளிம்பு, அலமாரி மேல், சுவரில் பதித்த தட்டு. என்ன செய்கிறேன் என்று எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. நீ முகமூடியை விலக்கி என்ன தேடுகிறாய் என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

"இங்க ஏறுறதுக்கு மேடு இல்லடி" என்றாய்.

உனக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் போல என்னைவிட ஒரு வளைவு முன்பே. இந்த முறை நடுங்காமல் சொன்னாய். நடுங்கியது என் கை.

உன்னை அடக்கம் செய்த அன்று கடை மூடியிருந்தது. நான் மேலே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவதான உனக்குத் தைரியம் குடுத்தா" என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நான் தலையாட்டினேன். அந்த வீட்டில் அன்று மறுத்துப் பேச முடியாது.

தைரியம் என்னிடம் முன்பே இருந்தது, அக்கா. அதை வைத்துக்கொண்டுதான் அந்த ஓடையில் குனிந்து இலை தேடினேன்.

இப்போது எங்கே போனாலும் கதவைப் பார்க்கிறேன், படியைப் பார்க்கிறேன். பேச்சின் நடுவே நிறுத்திவிட்டுக் காற்றைக் கவனிக்கிறேன். தொழிற்சாலையில் சிரிக்கிறார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எழுந்து நடக்கத் தொடங்குகிறேன். இரவு தூக்கம் மெலிந்துவிட்டது. இதையெல்லாம் வியாதி என்று அம்மா நினைக்கிறார். போகாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார். ஓரளவு நானும் அப்படி நினைத்தேன். இந்த மடலை எழுதத் தொடங்கியபோது, முடியாது என்று பதில் அனுப்புவதாகத்தான் இருந்தேன்.

எழுதும்போது ஒன்று தெரிகிறது. அங்கே போகக் கூடாதவள் அன்றைய நான். பயமே இல்லாதவள். அவள் இப்போது இல்லை.

மேலாளருக்குப் போகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டு, சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். பிறகு, பயமா இல்லையா என்று கேட்டார்.

"இருக்கும்மா" என்றேன். "ரொம்ப இருக்கு."

அவர் முகம் சற்று இளகியது. ஏன் என்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. நீ அந்தப் பாறையில் நடுங்கிக்கொண்டே என் கைக்கு மாற்றிவிட்டது அந்தப் பயம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.