ஆனைமலை வெயிலும் பூந்தமல்லி பாங்கும்

அன்பு மகள் ரூஹிக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீயும் நலம் என்றுதான் தினமும் சொல்கிறாய், அதை நம்பத்தான் மனம் வரவில்லை. போனில் கேட்கலாமென்றால் அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் பேரீச்சம்பழப் பார்சலுக்குள் இந்தக் காகிதம். வால்பாறையில் மழை போனதும் ரத்தம் உறிஞ்சும் அட்டையும் போய்விட்டது என்றாய், பிறகு ஏன் போட்டோவில் சாக்ஸ் முழங்கால்வரை ஏறியிருக்கிறது? அத்தாவிடம் கேட்டால், "கொயந்த நல்லாத்தான் கீது, நீ சும்மா நோண்டிகினே இருக்காதே" என்கிறார். நீங்கள் ஆராய்ச்சிக்காக மலையேறிப் பார்க்கும் அந்த இருவாச்சிப் பறவையில், பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும், ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும் என்று நீ சொன்னபோது அவர் உருகிவிட்டார். எனக்கோ, அந்த ஆண் வேறு பொந்துக்கும் போகிறதா என்று யார் பார்த்தார்கள் என்றுதான் தோன்றியது.

விஷயத்துக்கு வருகிறேன். நோன்பு ஆரம்பித்ததிலிருந்து இங்கே பூந்தமல்லிப் பள்ளிவாசலில் பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்ன கையோடு "நோன்பு தொறந்துட்டேன்மா" என்று உன் மெசேஜ் வந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் உன் பெரியம்மாவோ நமக்குப் பிறகு காத்திருந்துதான் திறப்பாள், "உங்களுக்கு இன்னா, முன்னாடியே கஞ்சி குட்சிடுறீங்க" என்று வருஷா வருஷம் குறைப்படுவாள். கோயம்புத்தூரும் வால்பாறையும் நமக்கு மேற்கே, அங்கே பொழுது தாமதமாகத்தானே சாயும்? அவளுக்குச் சாயாத பொழுது உனக்கு மட்டும் எப்படிச் சாய்கிறது? வெள்ளிக்கிழமை மெசேஜுக்குப் பின்னாலேயே இருவாச்சி பறக்கும் போட்டோவை அனுப்பி, இப்போதுதான் எடுத்தேன் என்றாய். முகட்டுக்கு மேலே சூரியன் முழுசாக நிற்கிறது. அத்தா பறவையைப் பார்த்தார், நான் சூரியனைப் பார்த்தேன். நீ நோன்பு வைப்பதில்லை, நம் ஊர் நேரத்தைப் பார்த்து மெசேஜ் அனுப்புகிறாய்.

அழுதேன். நோன்பை விட்டதற்காக அல்ல, முடியாதபோது விட்டுவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. என்னையே ஏமாற்றினாயே என்றுதான். பிறகு வேறு பயம் பிடித்துக்கொண்டது. போன வருஷம் நோன்போடு ஏறி, சரிவில் மயங்கி விழுந்தாய். அதையும் நீ சொல்லவில்லை, உன்னோடு வேலை பார்க்கும் லாவண்யா சொல்லித்தான் தெரியும். இப்போது என்னிடம் மாட்டிக்கொண்ட ரோஷத்தில் நிஜமாகவே நோன்பு வைத்துக்கொண்டு ஏறிவிடாதே கண்ணு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தருவானாக. இனி மக்ரிபுக்கு மெசேஜ் வேண்டாம், அத்தாவிடம் சொல்ல வேண்டிய பொய்யை நானே சொல்லிக்கொள்கிறேன். நடுப்பகலில், மலைமேல் தண்ணீர் குடித்ததும் என் போனுக்கு மட்டும் அனுப்பு. பாட்டில் காலியாக இருப்பது போட்டோவில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா அஷ்ரஃபுன்னிசா