இரண்டு சீயக்காய் டப்பாக்கள்

அக்கா,

பல்லாவரத்து வீட்டை இடிக்கக் கொடுத்தாயிற்று. சாமான்களை ஒழிக்க ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். குளியலறைப் பரணில், உடைந்த வாளிக்குப் பின்னால் இரண்டு தகர டப்பாக்கள் கிடைத்தன. ஒன்றின் மூடியில் 'எனக்கு' என்றும் இன்னொன்றில் 'சின்னவளுக்கு' என்றும் உன் கையெழுத்து. சின்னவள் நான்தான், உன் கொழுந்தனார் மனைவி, அந்த வீட்டின் இரண்டாவது மருமகள். என் டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு பிடி சீயக்காய்த் தூள் கட்டி தட்டிப்போயிருந்தது. எலுமிச்சைத் தோல் வாசனை இன்னும் லேசாக இருந்தது. உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'இதில் என்னத்தைக் கலந்திருப்பாள்?' நீ போய் நாலு வருஷமாகிறது. என் புத்தி மட்டும் எங்கேயும் போகவில்லை.

நேரில் உன்னை ஒருநாளும் நீ என்று கூப்பிட்டதில்லை. நீங்க, வாங்க, சொல்லுங்க அக்கா என்றுதான் பேசினேன். சந்தேகப்படுகிறவர்களுக்கு மரியாதை ரொம்ப வசதி. இன்றைக்கு நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

என் தலை உனக்குத் தெரிந்ததுதான். இன்று குளித்தால் நாளை மத்தியானத்துக்குள் எண்ணெய்ச் சட்டியாகிவிடும். சீப்பில் பிசுக்கு, தலையணை உறையில் மஞ்சள் கறை, நெற்றி முழுக்கப் பரு. தாம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தவரை வாரத்துக்கு மூன்று நாள் தலைக்குக் குளிப்பேன், யாரும் ஏனென்று கேட்டதில்லை. பல்லாவரத்தில் நம் மாமியார் வைத்ததுதான் சட்டம். பெண்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் தலைக்குளியல். வேறு நாளில் ஒருத்தியின் தலை ஈரமாக இருந்தால், விலக்கு முடிந்து குளித்திருக்கிறாள் என்று அந்த வீடு முடிவுகட்டிவிடும்.

கல்யாணமாகி இரண்டு வருஷம், எனக்குக் குழந்தை இல்லை. அத்தை என் தலையைப் பார்த்துத்தான் மாதக் கணக்கே வைத்திருந்தார். "இன்னாடி இது, போன வாரம் ஒரு வாட்டி, இந்த வாரம் ரெண்டு வாட்டி? தீட்ட மறைச்சிகினு சாமி ரூமுக்குப் போறியா? இல்ல ஒடம்புல இன்னா கீது?" என்றார். தலையில் எண்ணெய் வழிகிறது அத்தை, அவ்வளவுதான் என்றேன். "அது சூடு. எண்ணெ வச்சாத்தான் எறங்கும்" என்று பிடித்து உட்காரவைத்து, விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து உச்சியில் ஒரு கரண்டி ஊற்றினார். எண்ணெய்த் தலைக்கு எண்ணெய் வைத்தியம்! பரு கன்னத்துக்கும் இறங்கியது. அதைப் பார்த்ததும் அத்தைக்கு முழுசாக முடிவாகிவிட்டது. "வியாதிக்காரியக் கட்டிவச்சிட்டாங்கடா" என்று என் காதில் விழும்படியே மகனிடம் சொன்னார். "ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போவட்டும். ஒடம்பு சரியானா வரட்டும். இல்லன்னா அங்கயே கெடக்கட்டும்." என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. ஆடி பிறக்க மூன்று மாதம்கூட இல்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாகத் தலைக்குக் குளித்தேன். வெளியே வந்தால் எதிரே நீ. என் தலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாய். சாயங்காலமே அத்தை, "இன்னிக்கும் ஊத்திக்கிட்டியா" என்று பிடித்துக்கொண்டார். போட்டுக்கொடுத்தது நீதான் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கிவந்தாய். சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், பச்சைப்பயறு, இன்னும் என்னென்னவோ. மாடியில் தனித்தனியாகக் காயவைத்தாய், தனித்தனியாக மில்லில் அரைத்தாய். என்னிடம் இந்த டப்பாவைக் கொடுத்தாய். "இது ஒனக்குன்னே போட்டது. என் டப்பாவைத் தொடாத, அதுல வெந்தயம் ஜாஸ்தி, ஒனக்கு ஒத்துக்காது." ஒரே வீட்டில் இரண்டு மருமகளுக்கு இரண்டு டப்பாவா? முடி கொட்டுவதற்கு ஏதாவது போட்டிருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். யாருக்கும் தெரியாமல் முதலில் வடை சுட்ட சட்டியில் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போய்விட்டது. அப்படியும் நம்பவில்லை. சட்டிக்கு முடியா இருக்கிறது, கொட்டுகிறதா என்று பார்க்க?

அதோடு பக்குவமும் சொன்னாய். "எண்ணெய வேர்ல விடாத. அத்தை வச்சா நுனிக்கு வழிச்சி விட்டுடு. கொதிக்கக் கொதிக்க ஊத்திக்காத, வெதுவெதுன்னு போதும். தூள வடிகஞ்சில கரைச்சிக்கோ. கிணத்துத் தண்ணி உப்பு, கடைசி ரெண்டு செம்பு நல்ல தண்ணி ஊத்து. திங்கள், புதன், வெள்ளி. ஒரு மாசம் பாரேன்." திங்களும் புதனுமா? அத்தையிடம் கையும் களவுமாக மாட்டிவிடத்தானே இந்த யோசனை! ஆனாலும் அரிப்பு தாங்காமல் கேட்டுத் தொலைத்தேன்.

அப்போதுதான் நீயும் ஆரம்பித்தாய். திங்கட்கிழமை காலை எனக்கு முன்னால் நீ குளியலறையில் இருந்தாய். புதனும் அப்படியே. இடுப்புக்குக் கீழே தொங்கும் அடர்ந்த முடி உனக்கு, வறண்ட தலை வேறு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நனைத்தாலே போதும். நீ எதற்கு எனக்குப் போட்டியாக வாரம் மூன்று தடவை? அத்தை கண்ணில் படும்படி முற்றத்தில் உட்கார்ந்து வேறு உலர்த்துவாய். தும்மல் மேல் தும்மல். பிறகு நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாய், சமையல் என் தலையில் விழும். ஆகா, இதற்குத்தானா இந்த நாடகம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காய் நறுக்கினேன்.

ஒருநாள் உனக்கும் அத்தைக்கும் பின்கட்டில் பெரிய சண்டை. "நான் ரெண்டு புள்ள பெத்தவ" என்று நீ உரக்கச் சொன்னது கேட்டது. அதற்குமேல் கேட்கவிடாமல் தலைக்கு மேல் விமானம் இறங்கியது. நம் பல்லாவரத்தில்தான் பாதிப் பேச்சு விமானத்துக்குப் போய்விடுமே. எனக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. பிள்ளை இல்லாதவளுக்குக் கேட்கவேண்டும் என்றே பீற்றிக்கொள்கிறாள் என்று அறைக்குள் போய் அழுதேன். அந்த ஒரு வாக்கியத்தை உன்மேல் வஞ்சமாக இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

ஆடி வந்தது. அத்தை என்னை அனுப்பவில்லை. வியாதி என்ற பேச்சையும் விட்டுவிட்டார். தலை சுத்தமானது, பரு அடங்கியது. எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். மறுவருஷம் மகள் பிறந்தாள், அடுத்து ஒரு மகன். கொஞ்ச நாளில் தாம்பரத்துக்குத் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உன்னைப் பார்ப்பேன். நல்லா இருக்கீங்களா அக்கா, அத்தோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் என் கையிலிருந்த டப்பாக்களை வாங்கிப் பார்த்தார். "இதால அவ பட்ட பாடு இருக்கே" என்றார். எனக்குப் புரியவில்லை.

"அவளுக்குப் பீனிசம்மா, சைனஸ். தலையில ஈரம் நின்னா மண்டை பொளந்துடும். டாக்டரே ஊத்திக்காதன்னாரு. கேட்டாத்தானே? ஒருநாள் எங்கம்மாகிட்ட என் எதிர்லயே சொன்னா. நான் ரெண்டு புள்ள பெத்தவ, நானும்தான் வாரத்துக்கு மூணு வாட்டி ஊத்திக்கறேன், அப்ப எனக்கும் வியாதியா? அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்கன்னா. அம்மா அதோட வாய மூடினவங்கதான்."

டப்பாக்களை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். உனக்குச் சொல்லவேண்டிய நன்றியை இனி யாரிடம் சொல்வது? நீ ஏன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், அது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த முதல் திங்கட்கிழமை அத்தைக்கு யார் சொன்னது என்றும் இப்போது யோசித்துப் பார்த்தேன். ஈரத் துண்டை முற்றத்துக் கொடியில் காயப்போட்டவள் நானேதான்.

என் மருமகள் தினமும் ஷாம்பு போட்டுக் குளிக்கிறாள். ஈரத்தலையோடு அவள் எதிரே வரும்போது, என்னை அறியாமல் கண் அவள் தலைக்குப் போய்விடுகிறது. நேற்று அப்படிப் பார்த்தேன். உடனே உன் சுக்குப் பற்று ஞாபகம் வந்து திரும்பிக்கொண்டேன்.

எனக்கு இன்னும் அதே திங்கள், புதன், வெள்ளிதான். வேரில் எண்ணெய் வைப்பதில்லை. இன்றைக்குத் திங்கள். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், எழுதி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. எலிவால் முடி, அரைமணி நேரம் போதும்.

உன் தலை காய சாயங்காலம் ஆகிவிடும், அக்கா.