பச்சைக் காருக்குச் சாம்பல் நிறம்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஸ்டிக்கர் கடையில் சூடு பட்ட என் விரலும் ஆறிவிட்டது, கவலைப்படாதே.

போன வாரம் ஒரு டீச்சர், இறந்துபோன மகனின் பழைய பச்சைக் காரைக் கொண்டுவந்து, சாம்பல் நிறமாக்கச் சொன்னார்.

"வாசல்ல பச்சையா பார்த்தாலே அவன் வந்துட்டான்னு எழுந்துடறேன் தம்பி."

"புதுசா பெயிண்டே அடிச்சிடலாமேம்மா?"

"வேண்டாம்ப்பா, வண்டி முழுக்க வினைல் ஸ்டிக்கரே ஒட்டு. என்னைக்காவது மனசு தேறினா உரிச்சுக்கலாம்ல?"

"கதவைத் திறந்தா உள்விளிம்புல பச்சை தெரியும். அதையும் மூடணுமா?"

கதவைத் திறந்து பார்த்தார். "அது இருக்கட்டும்."

இரண்டு நாள் ஒட்டினேன். வண்டி எடுக்க வந்தவர், கதவைத் திறந்து அந்த விளிம்பைத் தடவிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அம்மா, என் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே. அவ்வப்போது துடைத்து வை. முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மகன்