கடலைக் காட்டில் பியானோக் கம்பிகள்

9-10-67, திங்கள்

காலையிலிருந்து தூறல். என் பதினான்கு மாதக் கண் சிகிச்சை முடிந்து, பணி ஓய்வும் பெற்று, சென்னையிலிருந்து தர்மபுரி பக்கத்து இண்டூருக்குத் திரும்பினோம். பெட்டிகள் நனைந்தன. ஒரு குடை பஸ்ஸோடு போயிற்று.

மனைவி அனாஹித்தின் பியானோவைத் திறந்தேன். உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. இரும்புச் சட்டம், தூசி, பல்லி முட்டை.

வீட்டுச் சாவி தம்பி சின்னசாமியிடம் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"காட்டுப்பன்னித் தொல்லைண்ணா. கடலைக் காட்டச் சுத்திக் கண்ணி கட்டிட்டேன். அறுந்தே போகாத கம்பிண்ணா."

நான் குரலை உயர்த்தவில்லை. இனி இவ்வாசலை மிதிக்க வேண்டாம் என்றேன். போய்விட்டான்.

அனாஹித் துணி உதறிக்கொண்டிருந்தாள். "போனது போவட்டும், வுடுங்க." பதினோரு ஆண்டுகளில் அவள் கற்றது இண்டூர்த் தமிழ்.

10-10-67

வெயில். தபாலில் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து கடிதம். வரும் மார்ச்சில் அனாஹித் (இனி அ.) அங்கே மேடையில் வாசிக்க வேண்டும். ஒப்புதலை இருபதாம் தேதிக்குள் தந்தியில் தெரிவிக்க வேண்டும். மூன்றாண்டுகளாக நான் எழுதிய கடிதங்களின் பலன்.

அவளது மேடை வாழ்வை ஒருமுறை முறையாகக் குறித்து வைக்கிறேன்: கல்கத்தா ஆர்மீனியக் குடும்பம். முதல் மேடை ஒன்பது வயதில். ரங்கூன், சிங்கப்பூர், கொழும்பு. 1956, சென்னை: பாதியில் எழுந்தாள். மணிக்கட்டுச் சுளுக்கு என்றாள். மேடைக்குப் பின்னால் ஐஸ் தேடி ஓடிய சரித்திர விரிவுரையாளன் நான். பிறகு திருமணம். மேடை இல்லை. மூதாதையர் மண்ணில் ஒருமுறைகூட வாசித்ததில்லை.

பயிற்சியை எவரும் கேட்கக் கூடாது என்பது அவள் நியதி. நான் சேலத்துக் கல்லூரியில் இருக்கும் வாரநாட்களில் மட்டும் வாசிப்பாள்.

கடிதத்தைப் படித்தாள். "கம்பியே இல்லீங்களே." அவ்வளவுதான்.

12-10-67

வெக்கை. பத்து மணிக்கு அ. கம்பியற்ற பியானோவில் அமர்கிறாள். நேற்றும் இன்றும். என் முன்னிலையிலேயே. இரண்டு மணி நேரம் மரம் தட்டும் ஒலி மட்டும். பார்க்கச் சகிக்கவில்லை.

மதியம் கடலைக் காட்டுக் காவல்காரன் மாரப்பன் வந்தான். வேறு வேலை வேண்டுமாம்.

"பத்து மணியானா கம்பி பாடுதுங்க. எல அசையலீங்க, காத்தே இல்லீங்க."

"எப்போதிருந்து?"

"நேத்துலேர்ந்துதாங்க."

"குடித்திருக்கிறாயா?"

"குடிச்சிருந்தா தைரியமா நின்னு கேட்டிருப்பேனுங்க."

13-10-67

கடிகாரத்துடன் காட்டுக்குச் சென்றேன். மூன்று மைல். பட்டப்பகல். காற்று இல்லை.

சரியாகப் பத்துக்குச் செம்பு சுற்றிய தடித்த கம்பி ஒலித்தது. பிறகு மற்றவை. சென்னையில் அவள் பாதியில் விட்ட அதே இசை. இடது கை சரிந்து இறங்கும் இடத்தில் மூன்று ஸ்வரங்கள் இல்லை. மீண்டும் தொடக்கம். அதே இடம். அதே மூன்று. பத்தொன்பது முறை எண்ணினேன்.

கண்ணியில் கால் மாட்டிய பன்றி ஒன்று, உயிரோடு, திமிறாமல், செவியை நிமிர்த்தி நின்றது. நானும் அவ்வாறே நின்றிருப்பேன்.

14-10-67

நல்லம்பள்ளியில் தம்பி வீடு. உட்காரவில்லை. அந்த மூன்று ஸ்வரங்கள் இரவெல்லாம் சந்தேகம் கிளப்பின; கம்பிகளைக் கழற்றியது உண்மையில் யார் என்று கேட்டேன்.

"அண்ணிதாண்ணா. நீங்க மெட்ராஸ் கெளம்புறதுக்கு மொத நாளு. ஒண்ணொண்ணா சுருட்டி அவங்களே குடுத்தாங்க. எடது கையில ரெண்டு வெரலு, கலியாணத்துக்கு முன்னாடியே செத்துப் போச்சாம். ரிட்டையராயி வூட்டோட இருந்தீங்கன்னா காதுல வுழுந்துரும்னாங்க."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"'உங்கண்ணன் கட்டுனது பியானோக்காரிய, என்னையில்ல'ன்னாங்க. திட்டு எனக்கே இருக்கட்டும்னு வுட்டுட்டேண்ணா."

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம் இடம் மாறியது, அளவு குறையவில்லை.

15-10-67, ஞாயிறு

அ. வாசித்தாள். நான் அறையிலேயே இருந்து விரல்களைப் பார்த்தேன். இரண்டு, மடங்கிக் கிடந்தன. பதினோரு ஆண்டுகள் நான் பார்த்ததே இல்லை. சாம்பாரில் உப்பு அதிகம்.

16-10-67

மேகமூட்டம். முதல் பஸ்ஸில் தர்மபுரி தபால் நிலையம். யெரெவானுக்கான தந்திப் படிவத்தில் எழுதியது: அனாஹித் வருகிறார்.

வீடு திரும்பியபோது பத்தடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. நகலை அவளிடம் கொடுத்தேன். வலது கையை இடது கையின் மேல் வைத்துக்கொண்டாள்.

"காட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்."

நகலை மடித்தாள்.

"யெரெவான்ல பியானோல எல்லாக் கம்பியும் இருக்குமுங்களா?"

இருக்கும் என்றேன்.