பணி நினைவுக் கண்காட்சி

பிப்ரவரி 3, திங்கள்

தாடி கூப்பிட்டார். துறைத்தலைவரைத் தாடி என்று எழுதுவது இங்கே மட்டும்தான், நேரில் சார்தான். ஏப்ரலோடு எனக்கு வேலை முடிகிறது. அதையொட்டி நூலகத்துக் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு வாரம் என் படங்களை மாட்டி வைக்கலாமாம். "உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன்" என்றார். ரொம்ப நாள்தான். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த விலங்கியல் துறையில் ஆர்ட்டிஸ்ட் நான். மண்புழு, நத்தை, தவளையின் குடல், கரப்பானின் வாய் என்று கேட்டதையெல்லாம் வரைந்து கொடுத்தாயிற்று. புத்தகத்தின் அட்டையில் பேராசிரியர் பெயர் வரும். நான் வரைந்ததற்குக் கீழே 'படம் 1' என்று வரும்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூச்சியம்மா. வேகமாகக் கூப்பிடும்போது பூச்சியம் என்றுதான் காதில் விழுகிறது. கணக்கு சரிதான்.

சந்தோஷமா? ஆமாம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

எதை மாட்டுவது? இரண்டு நாளாகப் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறேன். எல்லாம் ஒழுங்கான படங்கள்தான். ஆனால் நான் செய்ததில் நல்லது எது என்று யாராவது கேட்டால் அந்துப்பூச்சிகள்தான். அவை என்னிடம் இல்லை. சின்னவளிடம் இருக்கின்றன.

சின்னவள் என் தங்கை. வேறு ஊரில், வேறு பல்கலைக்கழகத்தில், அந்துப்பூச்சிப் பேராசிரியை. அவள் புத்தகத்துக்கு நான்கு வருஷம் ராத்திரியும் லீவு நாளுமாக உட்கார்ந்து வரைந்தேன். புத்தகம் வந்தது. பதிப்பகத்தாருக்கு நன்றி, நுண்ணோக்கி விற்றவருக்கு நன்றி, கார் டிரைவருக்குக்கூட நன்றி. என் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, "வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வாங்களாக்கா? நமக்குள்ள என்ன?" என்றாள். அந்த 'நமக்குள்ள'யில்தான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "இனி நமக்குள்ள ஒண்ணும் இல்ல. நான் செத்தாக்கூட உனக்குச் சொல்லியனுப்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு பேச்சு நின்றது.

தாடியிடம் சொல்லி அவளுக்கு மெயில் அனுப்ப வைத்தேன். ஒரு வாரத்துக்கு இரவல், அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

பதில் வந்துவிட்டது. படங்கள் நூலின் பகுதியாம், தனியாகக் காட்சிக்குத் தர இயலாதாம். 'இப்படிக்கு' என்று போட்டு பட்டம், பதவி எல்லாம் எழுதியிருக்கிறாள். யார் வரைந்தார்கள் என்பதற்கு அதிலும் இடமில்லை.

போகட்டும். கரப்பானை மாட்டுகிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நான் இறந்துவிட்டேன்.

'வளாகத்தில் வரும் நிகழ்ச்சிகள்' இன்று காலை எல்லாருக்கும் மெயிலில் போயிருக்கிறது, இணையதளத்திலும் ஏறியிருக்கிறது. ரத்ததான முகாமுக்கும் பழைய நாணயக் கண்காட்சிக்கும் நடுவில் நான். 'பணி நிறைவுக் கண்காட்சி' என்று என் கையாலேயே தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சில் 'பணி நினைவுக் கண்காட்சி'. வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் புண்ணியவான் 'நினைவு' என்பதைப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு என் போட்டோவைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டியிருக்கிறான். வேலையில் சுத்தம்.

நிகழ்ச்சிப் பிரிவுக்கு நேரே போனேன். அங்கே இருக்கும் பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். நின்றவள் உட்காரவில்லை. "ஒரே ஒரு எழுத்துதான் மேடம் மாறியிருக்கு" என்றாள்.

"அந்த ஒரு எழுத்துல ஆளே போயிட்டேனேம்மா."

திருத்தம் அடுத்த வெள்ளிக்கிழமை இதழில்தான் போட முடியுமாம். அதுவரை இப்படியே இருக்க வேண்டியதுதான்.

மார்ச் 1

ஊழியர் சங்கத்திலிருந்து மலர்வளையம் வந்தது. காவலாளி கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். "எங்கம்மா வைக்கிறது?" வந்தவரைக்கும் லாபம் என்று கூடத்து வாசலில் வைக்கச் சொன்னேன். கணக்குப் பிரிவில் ஒருத்தர், என்னோடு பத்து வார்த்தைகூடப் பேசாதவர், நான் தங்கமான மனுஷி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நாளைக்கு எதிரில் பார்த்தால் அந்தத் தங்கம் பித்தளையாகிவிடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "உன் தங்கச்சி பார்த்திருந்தா?" என்றார்.

அவள் எங்கே இதையெல்லாம் பார்க்கப் போகிறாள்?

மார்ச் 4

பார்த்திருக்கிறாள்.

நிகழ்ச்சிப் பிரிவுப் பெண் ஓடி வந்தாள், முகமெல்லாம் வெளுத்து. சின்னவள் நேற்று ஒரு அஞ்சலி அனுப்பியிருக்கிறாள். அது தானாகவே இணையதளத்தில் அறிவிப்புக்குக் கீழே ஏறிவிட்டதாம். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

'அந்துப்பூச்சிகளைப் பற்றிய என் நூலை என் நூல் என்று சொல்வது பாதி பொய். அதிலுள்ள படங்கள் அனைத்தும் என் அக்கா வரைந்தவை. அவள் பெயரை நான் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். சிறுவயதில் என் பாடநோட்டுகளிலும் அவள்தான் வரைவாள். மதிப்பெண் நான் வாங்குவேன். அவள் சொன்னபடியே இறப்பை எனக்குச் சொல்லாமல் விட்டார்கள். அதற்கு நான் தகுதியானவள்தான். படங்களை அனுப்பியிருக்கிறேன். அவள் பெயரோடு மாட்டுங்கள்.'

நான் அன்று சொன்னதை நம்பிவிட்டாள். யாரையும் கேட்கக்கூட இல்லை. என் பேச்சு அவ்வளவு நம்பும்படியா இருந்தது?

மார்ச் 5

இவர் காலையிலிருந்து அரிக்கிறார். "ஒரு போன் பண்ணிச் சொல்லு. பாவம், அழுதுட்டிருப்பா."

"அழட்டும்."

"நீ மனுஷியா?"

"இல்ல. நினைவு."

கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அந்த அஞ்சலியை மறுபடியும் படித்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. 'போட்டிருக்க வேண்டும்.' இந்த இரண்டு வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டு இருந்தேன். போன் பண்ணினால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பண்ணவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே. என்ன குறைந்துவிடும்?

மார்ச் 6

படங்கள் வந்துவிட்டன. தாடியின் அறையில் பிரித்தோம். மஞ்சள் தட்டாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பெரிய சாம்பல் நிற அந்து, இறக்கையில் கண்போல் வட்டம் உள்ளது, நான் நினைத்திருந்ததைவிட நன்றாக இருக்கிறது. இதை நானா வரைந்தேன் என்று இருந்தது. தாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதையெல்லாம் வரைஞ்சது நீங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

"யாருக்கும்தான் தெரியாது சார்."

கரப்பானை இறக்கிவிட்டு நடுச்சுவர் முழுக்க அந்துகளை மாட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் 'வரைந்தவர்' என்று போட்டு என் பெயர். கை வலித்தது. நல்ல வலி.

மார்ச் 7, வெள்ளி

திருத்தம் போய்விட்டது. 'நினைவு' என்பதை 'நிறைவு' என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம். எந்தத் தவறுக்கு என்று விவரம் இல்லை.

மதியமே தாடிக்குப் போன். அவள்தான். அந்த அஞ்சலியை உடனே எடுக்க வேண்டும், துக்கத்தில் எழுதியது, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றாளாம். எடுத்துவிட்டார்கள். நான் தாடியிடம் கேட்டேன், அவள் எழுதியதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று. அவர் பேனாவை மூடி வைத்தார். "இறந்தவங்களைப் பத்திச் சொன்னா அது அஞ்சலி. இருக்கிறவங்களைப் பத்திச் சொன்னா அது வாக்குமூலம். அவங்க பேரு துணைவேந்தர் பட்டியல்ல இருக்கு. நீங்க புரிஞ்சுக்கணும்."

எல்லாவற்றையும் புரிந்துகொள்கிற வேலையும் எனக்குத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தாள்.

நான் ஏணிமேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. முடி பாதி நரைத்திருக்கிறது. இறங்கியதும் என் மேல்கையைப் பிடித்தாள். விடவில்லை, அழுத்திப் பார்த்தாள். "நிஜமாவே இருக்கே" என்றாள்.

"மன்னிச்சுக்கோ. இன்னும் இருக்கேன்."

அழுதாள். நடிப்பில்லை, எனக்குத் தெரியாதா, பிறந்ததிலிருந்து பார்த்த அழுகை அது. இப்போது கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா? நாலு நாள் சாப்பிடலை நான்."

"நீயும் பண்ணியிருக்கலாம். இத்தனை வருஷம் நானும் உயிரோடதான் இருந்தேன்."

"அந்த எழுத்தை எடுக்கச் சொன்னது... தப்பா நினைக்காதே. இந்த நேரத்துல அது வெளிய போனா என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

"பொய்யா எழுதினே?"

"பொய்யில்ல. நீ இல்லேன்னு நினைச்சு எழுதினது."

"அப்போ நான் செத்தாத்தான் அது உண்மை. இருந்தா இல்ல. அப்படித்தானே?"

அவள் சுவரைப் பார்த்தாள், 'வரைந்தவர்' என்று இருந்ததையும் பார்த்தாள். இரண்டாம் பதிப்பு வேலை நடக்கிறதாம், படங்கள் வேண்டுமாம், வாசலில் வண்டி நிற்கிறதாம். அதில் என் பெயர் வருமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் 'முடியாது' என்பதற்கு மரியாதையான சொல் அது. அப்பா அதைச் சொல்லியே எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். "எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ. ஆணியை மட்டும் விட்டுட்டுப் போ. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. பேர் போடாம என் படம் ஒண்ணுகூட அந்தப் புத்தகத்துல வரக்கூடாது. போட்டா ரெண்டையும் போடு. இல்லேன்னா ரெண்டையும் எடுத்துடு."

"நீ மாறவே இல்லக்கா" என்றாள்.

படங்களை நானே இறக்கினேன். அவளிடம் விட்டால் கீறல் விழும். பெயர்ச் சீட்டுகளைக் கிழித்து என் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி போன பிறகு ஏணியிலேயே உட்கார்ந்துகொண்டு... என்னத்த எழுதுறது. அழுதேன். கட்டிப்பிடிச்சிருக்கலாம். ஏன் பிடிக்கல? அவளாவது பிடிச்சிருக்கலாம்.

மார்ச் 10

திறப்பு விழா. நினைவுக் கண்காட்சி என்றபோது வருவதாக இருந்த பதிவாளர், நிறைவு என்றதும் வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார். மொத்தமே பதினைந்து பேர், அதில் பாதி பக்கத்து நாணயக் கண்காட்சிக்கு வழி தவறி வந்தவர்கள். நடுச்சுவரில் கரப்பான். இவர் எல்லாப் படத்துக்கும் முன்னால் நின்று நின்று பார்த்தார். வீட்டில் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

மார்ச் 15

முடிந்தது. ஆணிகளையும் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 30

பணி நிறைவு. சால்வை, கைக்கடிகாரம், தாடியின் பேச்சு. பேச்சில் என் பெயரைச் சரியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்.

ஜூன் 22

சின்னவளுக்குத் துணைவேந்தர் பதவி கிடைக்கவில்லை என்று இவர் எங்கோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். சந்தோஷப்பட வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தேன். இன்றைக்குச் சமையலில் உப்பு கூடிவிட்டதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 19

நூலகத்தில் புதுவரவு அலமாரியில் இருக்கிறது என்று நிகழ்ச்சிப் பிரிவுப் பெண் போன் பண்ணினாள். போய்ப் பார்த்தேன். அந்துப்பூச்சிகள், இரண்டாம் பதிப்பு. நின்றபடியே புரட்டினேன். எல்லாம் போட்டோ. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு கோடுகூட என்னுடையது இல்லை. நன்றியுரையில் புகைப்படக்காரர் பெயர் இருக்கிறது.

பெயரைப் போடுவதைவிட நான்கு வருஷ வேலையைத் தூக்கிப் போடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். ரெண்டையும் எடுத்துடு என்றேன், எடுத்துவிட்டாள். யாரைத் திட்டுவது?

ஆகஸ்ட் 23

கூரியரில் பெரிய பெட்டி. இவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, கூடத்தில் தரையில் வைத்திருந்தார். அந்துகள், மொத்தமும். கடிதம் இல்லை. துண்டுச் சீட்டு விழுகிறதா என்று ஒவ்வொரு படத்தையும் தூக்கிப் பார்த்தேன். படங்களுக்கு இடையில் மெல்லிய காகிதம் வைத்து, மூலைகளுக்கு அட்டை மடித்துக் கொடுத்து, நூல் கட்டி... ஆபீஸ் ஆளிடம் சொல்லிச் செய்கிற வேலை இல்லை. ஒரு முழு நாள் உட்கார்ந்து அவளே செய்திருக்கிறாள்.

"இனிமே இது உன்னுதுதானே?" என்றார் இவர். தெரியவில்லை. அப்படித்தான் போலிருக்கிறது.

போன் பண்ணலாமா என்று யோசித்தேன். எண்ணைக்கூட எடுத்தேன். பண்ணவில்லை. அவளும் பண்ண மாட்டாள்.

படங்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். வெறும் பெட்டியை வெளியில் போடட்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதன் மூடியில், 'பெறுநர்' என்பதற்குக் கீழே, அவள் கையெழுத்தில் என் பெயர் இருக்கிறது. முழுப்பெயர், இனிஷியலோடு.