பச்சை என்றாலும் கண்ணாடி போடு

ஆரையம்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கம்சாயினிக்கு,

அம்மா சொல்லச் சொல்ல அண்ணன் ரதீஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று எழுது என்கிறார் அம்மா, அதை நான் எழுதமாட்டேன், அதுதான் இப்போது கேள்வியே. வயல் வட்டையில் வெள்ளாமை கதிர் தள்ளுகிறது, மாமாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, செய்தி இவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் பின்லாந்து ஆய்வுகூடத்து மேசையில் நீ ஆராய்கிற பளிங்குத் துண்டு பச்சையாய் ஒளிர்கிறது, பாதுகாப்புக் கண்ணாடியோ உன் நெற்றியில் ஏறியிருக்கிறது. கீழே சிரிப்புக் குறி போட்டு, இடது கண் பார்வையில ரெண்டு நாளா ஒரு கறுப்புப் பொட்டு நிக்குது, பச்சையப் பாத்துப் பாத்து வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம், என்ன மனே பயப்படுறாய், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதானே என்றார். அம்மா சொல்லலாம். நீ நம்பலாமா?

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். பளிங்குக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். பளிங்கில் கலந்திருக்கும் இற்றர்பியம் என்ற உலோகத்தின் அயன் அதை வாங்கி, எர்பியம் என்ற இன்னொன்றின் அயனுக்குக் கொடுக்கும். ஒரு போட்டனின், அதாவது ஓர் ஒளித்துகளின், பலம் பச்சை தரப் போதாது. தோணியைக் கரையேற்றுகிற மாதிரி, முதல் தள்ளில் அது பாதி மேட்டில் நிற்கும், சறுக்குமுன் அடுத்த தள்ளு விழவேண்டும். எர்பியம் அப்படி நடுவில் பொறுத்து நின்று, இரண்டாவதையும் வாங்கி மேலே ஏறி, இறங்கும்போதுதான் பச்சையைத் தருகிறது. அப்ப போன வெளிச்சமெல்லாம் பச்சையா மாறிருமா என்று கேட்டார் அம்மா. எங்கே மாறும், கொஞ்சம்தான் மாறும், மிச்சம் தெரியாமலே தெறித்துத் திரியும், கண் இமைக்காது, நோகாது, விழித்திரையை மட்டும் சுட்டுவிடும் என்றேன். அரைத்த சம்பலை அம்மியிலேயே விட்டுவிட்டு எழும்பியவர், அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துவிட்டுத்தான் மறுபடி இருந்தார். நேரட்டும். ஆனால் வைத்தியரிடம் போகவேண்டியவள் நீ.

கண்ணாடி போட்டால் பச்சை மங்கலாய்த் தெரியுது என்பாய். கமராவை வைத்துத் திரையில் பார், கடைகளுக்குக் காவல் கமரா பூட்டிப் பிழைக்கிறவன் சொல்கிறேன். பேராசிரியர் அறிந்தால் வேலையை நிறுத்துவார், பட்டம் பிந்தும் என்பாய். பிந்தட்டும். போனையும் நீ எடுப்பதில்லை, குரல் பதிவு அனுப்பினால் பாதியில் நிறுத்துவாய், அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மாமாங்கேஸ்வரர் உன்னைக் காக்கட்டும், நன்றாய் இரு என்று அம்மா ஆசி சொல்கிறார். கீழே ஒரு வரி தன் கையால் எழுதுகிறார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் அதை வாசி. நடுவில் ஓர் எழுத்து மறைந்தாலும் அந்த நிமிடமே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கண் வைத்தியரிடம் வெளிக்கிடு. மறையாவிட்டாலும் நாளைக்குப் போ.

அண்ணன்,
ரதீஸ்.

கிளி, அண்ணன் ஏசுறான் எண்டு கோவிக்காத. கண்ணக் காட்டிப்போட்டு அம்மாவுக்குப் போன்ல ஒரு சத்தம் தா.
— அம்மா சீதேவி