அம்மாவின் முன்கையில் ஒரு சோதனை ஊசி

ஜனவரி 20, திங்கள்

காலையில் கடும் பனி. காளவாசலில் எதிரே வரும் பஸ் தெரியவில்லை. அம்மாவுடன் தோல் டாக்டரிடம். நூலகத்தில் அரை நாள் லீவு. காரணம்: தலைவலி. (பொய்.)

கம்பவுண்டர் அம்மாவின் வயதைக் கேட்டார். முப்பத்தாறு என்றாள். எனக்கு இருபத்துநாலு. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

போன வாரம் கொட்டாம்பட்டி நாடக ஏஜெண்ட் வந்து சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். "அக்கா, பங்குனித் திருவிழாவுக்கு இந்த வருசம் தாய் வேசம் கட்டுங்களேன். டியூப்லைட்டுல உங்க மூஞ்சி விரிசல் விடுதுங்கிறாய்ங்க." அம்மா முப்பது வருஷமாக நாடகத்தில் ஸ்திரீபார்ட். கதாநாயகி வேஷம் தவிர வேறு கட்டியதில்லை. ஏஜெண்டுக்குக் காப்பி கொடுத்து வழியனுப்பிவிட்டு, கண்ணாடி முன் உட்கார்ந்தவள் மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. நடிகர் சங்கத்துக்குப் புதுப் போட்டோ மார்ச் முதல் வாரத்துக்குள் தரவேண்டும். அதைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் வேஷம் பேசுவார்கள்.

டாக்டர் சொன்னது, எனக்குப் புரிந்தவரை:

சிலிக்கான். எண்ணெய் மாதிரி. உள்ளே போனால் போனதுதான், வராது. மலிவு. இவர் போடமாட்டார். போடுகிறவர்கள் ஊரில் உண்டு.

கொலாஜன். புதுசு. அமெரிக்காவிலிருக்கும் அவர் தங்கை கொண்டுவந்தது, ஃப்ரிட்ஜில் நாலு ஊசி. சுருக்கத்தின் பள்ளத்தை நிரப்பும். ஐந்தாறு மாதத்தில் கரைந்துவிடும். முதலில் முன்கையில் துளி போட்டு நாலு வாரம் பார்க்கவேண்டும். சிவந்தாலோ தடித்தாலோ முகத்தில் போடக்கூடாது.

ஊசியோடு வந்த ஆங்கிலத் துண்டுக் காகிதத்தை நான் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது என்ற வரி வந்ததும் நிறுத்தினேன்.

"என்னத்தா முழிக்கிற? சொல்லு."

"மாட்டுத் தோலாம்மா."

"அம்புட்டுத்தானா? மிருதங்கத்துல இருக்கறது என்ன, ஆனைத் தோலா? முப்பது வருசமா அதுக்குத்தான ஆடுறேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இடது முன்கையில் சின்ன ஊசி. "நீ படிச்ச பிள்ளை. தினம் பார்த்து எழுதிட்டு வாம்மா, உன் குறிப்பைத்தான் நம்பப்போறேன்." ஆகவே இந்த நோட்டு.

ஜன. 23, வியாழன்

கை: சுத்தம். ஊசி குத்திய இடமே தெரியவில்லை.

அம்மா விடிந்தபிறகு பரவைப் பக்கத்து நாடகம் முடிந்து வந்தாள். வழக்கம்போல நான்தான் முகம் துடைத்தேன். தேங்காயெண்ணெய், பஞ்சு. பத்து வயதிலிருந்து என் வேலை. துடைக்கும்போதே தூங்கிவிடுவாள், தலை என் மடியில் கனக்கும்.

அரிதாரம் போகப்போகக் கோடுகள் வரும். புருவங்களுக்கு நடுவே நட்டுவைத்த மாதிரி இரண்டு, புலம்பல் காட்சி கொடுத்தவை. மூக்கிலிருந்து வாயோரத்துக்கு இறங்குபவை, பபூன் சங்கரலிங்கம் மாமா கொடுத்தவை. மேடையில் அவர் பேசப் பேச இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கண்ணோரத்தில் சிறு விசிறி, அப்பா இறந்த வருஷத்திலிருந்து.

எனக்கு அந்த முகம் பிடிக்கும். சொல்லவில்லை. சொன்னால், உனக்கென்ன, இருபத்துநாலு வயது என்பாள். சரிதான்.

வாங்கவேண்டியது: பஞ்சு, சீயக்காய், பேனா மை.

ஜன. 29, புதன்

கை: சுத்தம்.

மாலையில் ராஜாமணி அக்கா. அம்மாவோடு ஒரே மேடையில் வளர்ந்தவள். இப்போது எப்போதும் நெற்றியில் ஒரு கற்றை முடியை இழுத்துவிட்டிருக்கிறாள். இன்று தானாகவே விலக்கிக் காட்டினாள். புருவத்துக்கு மேலே மொச்சைக்கொட்டை அளவு மேடு. அழுத்தினால் நகர்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் பம்பாய்க்காரன் ஒருவன் போட்ட சிலிக்கான்.

"மொத வருசம் பாக்கணுமே செண்பகம், மூஞ்சி பளிங்கு. ஒரே ஊசி, ஆயுசுக்கும்னான். நிசந்தான், ஆயுசுக்கும் இதைத் தூக்கிட்டுல்ல திரியணும்."

"வலிக்குதா?"

"வலி இல்ல. பபூன் கேக்குறான், அக்கா நெத்தியில என்ன, வறுத்ததா அவிச்சதான்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா அந்த மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்தபடியே இருந்தாள். பம்பாய்க்காரன் மறுபடி பிப். 18 வருகிறானாம். இதை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறாளாம்.

ரா. அக்கா செருப்பு மாட்டும்போது அம்மா மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "எந்த லாட்ஜுடி?"

பிப்ரவரி 2, ஞாயிறு

கை: சுத்தம். அம்மா வாசல் வெளிச்சத்தில் நின்று காட்டினாள்.

பிப். 3: சுத்தம். 4: சுத்தம். 5: சுத்தம். தண்ணீர் வரவில்லை. 6: சுத்தம், பக்கத்து வீட்டில் புது டி.வி., தெருவே அங்கே. 7: சுத்தம். எண்ணெய்க் குளியல் வேண்டாம், சளி என்றாள்.

பிப். 10, திங்கள்

கை: சுத்தம். இன்னும் ஒரு வாரம்.

மத்தியானம் நூலகத்தில் தோல் நோய்கள் பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். கொலாஜன் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுருக்கத்துக்கு அரைப்பக்கம். வயதின் இயல்பான அடையாளம் என்று போட்டிருந்தது. எழுதியவரை எந்த ஏஜெண்டும் வந்து பார்த்திருக்கமாட்டார்.

பிப். 14, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. எண்ணெய்க் குளியல். இன்றும் மறுத்தாள், நான் விடவில்லை. பிடித்து உட்காரவைத்து உச்சியில் நல்லெண்ணெய் தேய்த்து, தோளுக்கு இறங்கி, முன்கைக்கு வந்தேன். கையை இழுத்தாள். அதற்குள் என் உள்ளங்கையில் ரோஸ் நிறம்.

அரிதாரம்.

அடியில் நாலணா அகலத்துக்குச் சிவப்பு, தடித்து, பளபளவென்று.

"எப்பருந்தும்மா?"

"பன்னெண்டு நாளா."

அவள் முகத்தைப் பதினாலு வருஷமாகத் துடைக்கிறவள் நான். என் கண்ணுக்கே தெரியாமல் பூசியிருக்கிறாள். பன்னிரண்டு நாள் 'சுத்தம்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

"இம்புட்டூண்டு செவப்பு. டாக்டருக்குத் தெரியவா போகுது?"

"தொட்டா தெரியும்."

"கொசுக்கடின்னு சொல்லிக்கிறேன்."

"மூஞ்சில இப்படி வந்தா?"

"வந்தா அதுக்கு மேலயும் பூசுவேன். பூசத்தான தெரியும் எனக்கு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எண்ணெய் வழிய உட்கார்ந்துகொண்டு என் கண்ணைத் துடைத்தாள். எண்ணெய் பட்டு இன்னும் எரிந்தது. பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நீ டாக்டர்ட்ட சொன்னா இவரு போடமாட்டாரு. போடாட்டிப் போறாரு. பதினெட்டாம் தேதி லாட்ஜுக்காரன் வர்றான்."

பிப். 15, சனி

சோறு, ரசம், அப்பளம். கை: சிவப்பு, நேற்றைவிடப் பெரிசு. (இனி நிஜமே எழுதுவேன்.)

சொல்லாவிட்டால் முகமெங்கும் இந்தச் சிவப்பு வரலாம். சொன்னால் லாட்ஜ், மொச்சைக்கொட்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகம். எனக்கு முன்னால் அவளுடையது அது என்பதும் தெரிகிறது.

பிப். 16, ஞாயிறு

நூலகத்திற்கு விடுமுறை. துவைக்கிற நாள்.

பதினொரு மணிக்குச் சங்கரலிங்கம் மாமா வந்தார், ஒத்திகைக்கு. அம்மா புருவங்களுக்கு நடுவே குறுக்காகப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியைச் சுருக்காமலே புலம்பல் பாடிப் பார்க்கப் போகிறாளாம். ஊசி போட்டபின் எப்படியிருக்கும் என்று தெரியவேண்டுமாம்.

பாடினாள். குரல் எல்லாம் சரி. மகனை இழந்த கதாநாயகி பாட்டு, ஆனால் முகம் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, இஸ்திரி போட்டுல்ல அழுகுற?"

"சும்மா இருண்ணே."

"இல்ல, கேக்குறேன். செத்தது உன் மகனா, பக்கத்து வீட்டு மகனா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். முடியவில்லை. பிளாஸ்திரி ஒரு பக்கம் பிய்ந்து புருவத்தில் தொங்கியது. அதைப் பார்த்து மாமா சிரிக்க, நான் சிரிக்க, வாளியில் துணி அப்படியே கிடந்தது. சிரித்து ஓய்ந்து கண்ணாடியில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். என்ன கண்டாள் என்று தெரியாது. பிளாஸ்திரியைக் கிழித்துப் போட்டு, "அண்ணே, மொதல்லருந்து" என்றாள்.

இந்தத் தடவை நான் சமையலறைக்குப் போய்விட்டேன். கேட்க முடியவில்லை, அப்படி இருந்தது.

அதற்காக மனம் மாறிவிட்டாள் என்று சொல்லமுடியாது. சாயங்காலம் போட்டோ ஸ்டூடியோவுக்கு நாள் கேட்டு வரச்சொன்னாள். லாட்ஜ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

பிப். 17, திங்கள்

பனி இல்லை. பத்தரைக்கு டாக்டர்.

அம்மா குளித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முன்கை மழமழவென்று, குழந்தை கை மாதிரி. பையில் இந்த நோட்டு, ஒரு பொட்டலம் பஞ்சு, சின்ன மருந்துப் புட்டியில் தேங்காயெண்ணெய். எதற்கு எடுத்துவைத்தேன், துடைக்கும் தைரியம் எனக்கு உண்டா, தெரியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தோம். முன்னால் ஒருவர் இன்னொருவரிடம்: "மாப்ள, நீ சொல்லாட்டி நான் சொல்லிருவேன்." எதைப் பற்றியோ.

டாக்டர் வீட்டு பெஞ்சு. டோக்கன் ஏழு. நாலாம் நம்பர் உள்ளே.

அம்மா முன்னால் பார்த்தபடியே: "எண்ணெய் கொண்டாந்தியா?"

"ம்."

"தெரியும். புட்டி டங்கு டங்குன்னுச்சு பஸ்ஸுல." கையை என் மடியில் வைத்தாள். "நீயே தொடை. எப்பவும் நீதான தொடைப்ப."

துடைத்தேன். பஞ்சு ரோஸாகிக்கொண்டே வந்தது. சிவப்பு வெளியே வந்தது, நேற்றைவிட இன்னும் கொஞ்சம் பெரிசாக. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் "என்னத்தா அது, தேமலா?" என்றார். அம்மா "நாடகம்" என்றாள்.

"நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நாளைக்கு லாட்ஜுக்குப் போறேன். ராஜாமணி தனியாப் போனா நெத்தியக் கீறிவிட்டுருவான் பாவி. வாசல்லயே மறிச்சு இங்க கூட்டியாறேன்."

"கொட்டாம்பட்டிக்காரருக்கு?"

"இந்த மூஞ்சியவே போட்டோ எடுத்து அனுப்புவோம். என்ன வேசம்னு அவன் சொல்லட்டும், சரியா தப்பான்னு நான் சொல்றேன்." புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடும் எழுந்து நின்றன.

கம்பவுண்டரைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு டோக்கன், ராஜாமணி என்று பேர் போடச் சொன்னாள்.

"வயசு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம்: "என் சீட்டுல முப்பத்தாறுன்னு இருக்கும்ல. அதை நாப்பத்தாறுன்னு திருத்திக்கங்க. முப்பத்தாறை அவளுக்குப் போடுங்க."